பயந்துகொண்டே ஜெபித்த போதகர்

இந்த இரங்கல் கூட்டத்துக்குத் தலைமை ஏற்றிருக்கும் எங்கள் சபையின் மூத்த மூப்பர் செல்லையா அய்யா அவர்களே, மழையையும் பாராமல் மாட்டுங்காவிலிருந்து வந்து மேடையில் அமர்ந்திருக்கும் பாஸ்டரின் நெடுநாள் நண்பர் அனந்தகிருஷ்ணன் சார் அவர்களே, கணவரை இழந்து முன்வரிசையில் அமர்ந்திருக்கும் எங்கள் ஞானப்பூ அம்மா அவர்களே, தாராவியிலிருந்தும் செம்பூரிலிருந்தும் மான்குர்த்திலிருந்தும் டிராம்பேயிலிருந்தும் வந்து, உள்ளே இடமில்லாமல் சந்தில் குடை பிடித்து நிற்கும் என் அன்பு மக்களே, உங்கள் எல்லாருக்கும் ஆண்டவருடைய நாமத்தில் என் வணக்கம்.

என் பெயர் ரஞ்சனா. செம்பூரில் ஒரு ஆஸ்பத்திரியில் நர்ஸாக இருந்து ஓய்வு பெற்றவள். இந்தச் சபையின் பெண்கள் ஐக்கியச் செயலாளர். நோயாளிகளைப் பார்க்கப் போகும் ஊழியத்தில் பாஸ்டர் மாசிலாமணி அய்யாவோடு பல வருடம் நடந்தவள். அவருடைய கடைசி மாதங்களில் அவருக்கு மருந்து கொடுத்து, அவருடைய மூச்சைக் கவனித்துக்கொண்டு பக்கத்தில் இருந்தவள்.

பேசுவதற்குத்தான் எழுந்து நிற்கிறேன். ஆனால் தயங்குகிறேன். நீங்களும் பார்த்துக்கொண்டுதான் இருக்கிறீர்கள். ஏன் தயங்குகிறேன்? அடக்கம் முடிந்த நாளிலிருந்து நம் சந்துகளில் ஒரு பேச்சு நடக்கிறது. தண்ணீர்க் குழாயடியில் நடக்கிறது, போனில் நடக்கிறது, ஜெபம் முடிந்து செருப்பு மாட்டும்போது நடக்கிறது. "பாஸ்டர் பயந்துகிட்டே செத்தாராமே, நெசமா?" என்று கேட்கிறார்கள். அதோடு விடுவதில்லை. "அவருக்கே அந்த கதின்னா நமக்கெல்லாம் என்ன?" என்றும் கேட்கிறார்கள். அவருடைய பெட்டியைச் சுற்றி நீங்கள் வரிசையாக வந்தபோது உங்கள் கண்களில் இந்தக் கேள்வியைப் பார்த்தேன். சில பேர் அவர் முகத்தைப் பார்க்கவே பயந்து, காலை மட்டும் தொட்டுவிட்டுப் போனீர்கள்.

இன்று காலையில் மூப்பர்கள் என்னை அழைத்து, ஊழியத்தைப் பற்றிப் பேசு, கடைசி நாட்களை விட்டுவிடு என்று அன்போடுதான் சொன்னார்கள். சபை கலங்கிப் போயிருக்கிறது, இன்னும் கலக்க வேண்டாம் என்ற அக்கறை அது. நான் அதை மதிக்கிறேன். ஆனால் ஞானப்பூ அம்மா என் கையைப் பிடித்துக்கொண்டு, "மறைக்காத ரஞ்சனா. அவுகளே மறைக்கல" என்றார்கள். அதனால் சொல்கிறேன்.

ஆம். எங்கள் பாஸ்டர் மாசிலாமணி பயந்துகொண்டேதான் இறந்தார்.

உட்காருங்கள். தயவுசெய்து உட்காருங்கள். இதைக் கேட்டு எழுந்து போய்விட்டால் பாதிதான் கேட்டவர்கள் ஆவீர்கள்.

யார் இந்த மாசிலாமணி? சாத்தான்குளம் பக்கத்திலிருந்து இளம் வயதில் பம்பாய்க்கு வந்தவர். பிளாஸ்டிக் பிரிக்கும் கோடவுனில் மூட்டை சுமந்தவர். வேலை முடிந்ததும் தன்னுடைய கோலியில், அந்த ஒற்றை அறையில், நாலு பேரைக் கூட்டி வைத்து ஜெபித்தவர். அந்த நாலு பேர்தான் இன்று இந்தச் சபை. மைக் இல்லாமல் இரண்டு சந்து தாண்டிக் கேட்கும் குரல் அவருக்கு. பூலோகம் அண்ணன் இங்கே உட்கார்ந்திருக்கிறார், கேளுங்கள். அந்தக் குரலைக் கேட்டுத்தான் குடியை விட்டேன் என்பார். "சாமிக்காக விடல, அந்தச் சத்தத்துக்குப் பயந்து விட்டேன்" என்பார்.

பக்கத்துச் சந்தில் கோடவுன் தீப்பிடித்த நாள் உங்களில் பெரியவர்களுக்கு மறந்திருக்காது. கறுப்புப் புகை. சந்து இரண்டு பேர் நடக்கிற அகலம். எல்லாரும் ஒருவர்மேல் ஒருவர் விழுந்து வெளியே ஓடுகிறோம். எரிகிற சுவருக்கு அந்தப் பக்கம் ஒரு வீட்டில் கேஸ் சிலிண்டர் இருக்கிறது என்று யாரோ கத்தினார்கள். அது வெடித்தால் மேலே இருக்கிற மாடிகள் எல்லாம் சரிந்துவிடும். அப்போது கூட்டத்துக்கு எதிராக ஒருவர் உள்ளே போனார். ஈரச் சாக்கைப் போர்த்திக்கொண்டு போனார். கொஞ்ச நேரம் கழித்து அந்தச் சிலிண்டரைத் தோளில் வைத்துக்கொண்டு வெளியே வந்தார். பாடிக்கொண்டே வந்தார்!

கொரோனா வந்தது. நம் சந்துகளைத் தகரம் வைத்து அடைத்தார்கள். பெற்ற பிள்ளை தகப்பன் உடலைத் தொடப் பயந்த நாட்கள் அவை. நீல உடுப்பை மாட்டிக்கொண்டு ஒவ்வோர் உடலோடும் அவர்தான் போனார். கிறிஸ்தவரா, இந்துவா, இஸ்லாமியரா என்று கேட்கவில்லை. கல்லறைக்கும் போனார், சுடுகாட்டுக்கும் போனார். உங்களுக்குப் பயமே இல்லையா அய்யா என்று நான் ஒருமுறை கேட்டேன். "பயமா? அது எந்தக் கடையில விக்குது?" என்று சிரித்தார்.

பிரசங்கத்திலும் அதேதான். "பயமும் விசுவாசமும் ஒரே கோலியில குடியிருக்காது. ஒண்ணு உள்ள வந்தா இன்னொண்ணு பொட்டியக் கட்டிரும்." எத்தனை ஞாயிற்றுக்கிழமை கேட்டிருப்போம் இதை? கேட்டு எத்தனை முறை கை தட்டியிருப்போம்? நம்முடைய சந்தில் பயப்படுவதற்கு ஆயிரம் காரணம் உண்டு. வீட்டை இடிப்பார்கள் என்ற பயம், காய்ச்சல் வருமோ என்ற பயம், போன பிள்ளை ரயிலிலிருந்து பத்திரமாக வந்து சேருமோ என்ற பயம். பயப்படாத ஒரு மனிதர் நம் நடுவில் இருக்கிறார் என்பது நமக்கு எவ்வளவு பெரிய தெம்பு! நம்முடைய பயத்தை எல்லாம் அவர் தோளில் ஏற்றிவிட்டு நிம்மதியாகத் தூங்கினோம்.

ஆனால் அந்தப் பிரசங்கம் ஒரு பெண்ணை உடைத்துப் போட்டது. அவள் பெயர் பூமாரி. அவளிடம் அனுமதி கேட்டுக்கொண்டுதான் இதைச் சொல்கிறேன்.

பூமாரி சங்கரன்கோவில் பக்கத்துப் பெண். கணவர் தோல் பை தைக்கிற பட்டறையில் வேலை. பக்கத்து வீட்டுக்காரி கூப்பிட்டு நம் சபைக்கு வந்தாள். பின்பக்கத்தில் சுவரை ஒட்டி உட்காருவாள், பாடத் தெரியாது, கேட்டுக்கொண்டிருப்பாள். அவளுடைய மூத்த மகள் அம்மு. பள்ளிக்கூடம் போகிற பிள்ளை. கொரோனாவுக்கு ரொம்ப முன்னால், ஒரு மழைக்காலத்தில் அம்முவுக்கு டெங்கு வந்தது. ஆஸ்பத்திரியில் சேர்த்தார்கள். பிள்ளையின் ஈறில் ரத்தம் கசிய ஆரம்பித்ததும் பூமாரியால் அந்த வார்டில் நிற்க முடியவில்லை. உடம்பெல்லாம் உதறியது. வராந்தாவுக்கு ஓடி வந்து வாந்தி எடுப்பாள், திரும்ப உள்ளே போவாள், திரும்ப ஓடி வருவாள். பாஸ்டர் அந்த வராந்தாவில் முழங்கால் போட்டு, அம்மு எழுந்து நடப்பாள் என்று சத்தமாக ஜெபித்தார். நர்ஸுகள் அதட்டியும் நிறுத்தவில்லை.

அம்மு எழுந்து நடக்கவில்லை. இறந்துபோனாள்.

அன்று அந்த வீட்டில், பிள்ளையைக் கிடத்தியிருந்த இடத்தில், எல்லார் முன்னிலையிலும் பாஸ்டர் பூமாரியைப் பார்த்துச் சொன்னார்: "நான் விசுவாசத்துல நின்னேன். நீ பயத்துல நின்ன. அந்தப் பயத்துலதான் பிள்ள போயிட்டா."

பூமாரி அழவில்லை.  பிள்ளையின் காலில் போர்வை விலகியிருந்தது. அதை இழுத்து மூடினாள். அதற்குப் பிறகு அவள் சபைக்கு வரவில்லை. கொஞ்ச நாளில் கணவரோடும் கைக்குழந்தையாக இருந்த சின்ன மகளோடும் மான்குர்த்துக்குக் குடிபோய்விட்டாள். வருடங்கள் போயின. அவளைப் பற்றி யாரும் பேசவில்லை. பாஸ்டரும் பேசவில்லை.

கொரோனா அடங்கிய பிறகு பாஸ்டருக்கு மூச்சு வாங்க ஆரம்பித்தது. முதலில் மாடி ஏறும்போது. பிறகு பாடும்போது. பிறகு பேசும்போது. நுரையீரல் கொஞ்சம் கொஞ்சமாகக் கெட்டிப்பட்டு வருகிறது, திரும்ப இளகாது என்று டாக்டர் சொன்னார். அவர் அதையும் சிரித்துக்கொண்டே கேட்டார். வீட்டில் ஆக்சிஜன் மெஷின் வைத்தோம். மூக்கில் குழாயோடு நாற்காலியில் உட்கார்ந்துகொண்டு பிரசங்கம் செய்தார். பயப்படாதிருங்கள் என்றுதான் அப்போதும் சொன்னார். குரல் மட்டும் முன்வரிசையைத் தாண்டவில்லை.

பிறகு ஒரு மழை நாள். பிற்பகல். நான் அவருக்கு மாத்திரை எடுத்துக் கொடுக்கப் போயிருந்தேன். திடீரென்று லைட் போய்விட்டது. மெஷின் கீச்சென்று கத்திவிட்டு நின்றுவிட்டது. மாற்றுச் சிலிண்டர் காலி. ரோட்டில் முட்டளவு தண்ணீர், புதியது வந்து சேரவில்லை. மக்களே, நான் ஆஸ்பத்திரியில் எத்தனையோ பேர் மூச்சுக்குத் தவித்ததைப் பார்த்தவள். ஆனால் அன்று பார்த்ததை மறக்க முடியவில்லை. சிலிண்டரைத் தோளில் தூக்கி வந்த அந்த மனிதர் என் மணிக்கட்டைப் பிடித்தார். எலும்பு வலிக்கப் பிடித்தார். உதடு நீலம் பாரித்தது. கண் அங்குமிங்கும் அலைந்தது, கதவைத் தேடுகிற மாதிரி. காற்று உள்ளே போகவில்லை. ஞானப்பூ அம்மா முறத்தை எடுத்து வீசுகிறார்கள், அதனால் என்ன ஆகும்?

எதிர்வீட்டு நூர் நிஷா இங்கே வந்திருக்கிறார். தையல் மெஷின்களுக்காக அவர் வீட்டில் இன்வெர்ட்டர் உண்டு. எங்கள் சத்தத்தைக் கேட்டு, அந்த மழையில் ஜன்னல் வழியாகச் சந்துக்குக் குறுக்கே ஒயரை வீசினார். நான் பிடித்துச் சொருகினேன். மெஷின் ஓட ஆரம்பித்தது. அதற்குப் பிறகு லைட் போகும்போதெல்லாம் அவருடைய தையல் நின்றது, எங்கள் மெஷின் ஓடியது. நூர் நிஷா, இந்தச் சபை உங்களுக்குக் கடன்பட்டிருக்கிறது.

பாஸ்டருக்கு மூச்சு சீரானதும் அவர் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார். நான் போகலாம் என்று எழுந்தேன். அப்போது சொன்னார்: "எனக்குப் பயமா இருக்கு ரஞ்சனா."

நான் அந்த வார்த்தையை அவர் வாயிலிருந்து கேட்டதே இல்லை.  எழுந்தவள் திரும்ப உட்கார்ந்தேன். சுவரைப் பார்த்தபடியே, "பூமாரிக்கு அந்த வராந்தாவுல இப்படித்தான இருந்திருக்கும்?" என்று கேட்டார்.

அவ்வளவு வருடம் கழித்து அன்றைக்குத்தான் அவர் அந்தப் பெயரைச் சொன்னார்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை நடந்ததை நீங்கள் எல்லாரும் பார்த்தீர்கள். பார்த்தவர்களில் சில பேர் அதற்குப் பிறகு வரவில்லை, இன்று வந்திருக்கிறீர்கள், சந்தோஷம். நாற்காலியில் உட்கார்ந்து, மூச்சுக்கு மூச்சு நிறுத்தி, அவர் பேசினார். ஆண்டவரே சிலுவைக்கு முந்தின ராத்திரியில் அந்தத் தோட்டத்தில் நடுங்கினார், வேர்த்துக் கொட்டினார், கூட இருங்கள் என்று சிநேகிதர்களைக் கேட்டார் என்று சொன்னார். வேதத்தில் எத்தனையோ முறை வாசித்த பகுதி, நமக்காகத் துக்கப்பட்டார் என்று சொல்லித் தாண்டிப் போய்விட்டேன், அவர் பயந்தார் என்பது என் கண்ணில் படவே இல்லை என்றார். பிறகு நம்மைப் பார்த்து, "பயப்படுகிறவனுக்கு விசுவாசம் இல்லைன்னு இத்தனை வருசமா உங்களுக்குச் சொன்னேன். அது தப்பு. எனக்கு இப்ப ரெண்டும் இருக்கு" என்றார்.

  வெளியே போன பிறகு என்ன பேசினோம்? மூளைக்குக் காற்றுப் போகவில்லை, அதனால் உளறுகிறார் என்றார்கள் சிலர். பிசாசு அவரைப் பிடித்துவிட்டது என்றார்கள் சிலர். அவரிடம் ஜெபிக்க வந்த ஒரு குடும்பம் வாசலோடு திரும்பிப் போனது. நாம் ஏன் அப்படிப் பேசினோம்? அவர் பயப்படுகிறார் என்றால் இனி நம்மை யார் பார்த்துக்கொள்வார் என்று நமக்குப் பயம். அவ்வளவுதான்.

அவர் அந்தப் பேச்சை எல்லாம் காதில் போட்டுக்கொள்ளவில்லை. அவருக்கு ஒரே ஒரு வேலைதான் பாக்கி இருந்தது. மான்குர்த்துக்குப் போக வேண்டும் என்றார். டாக்டர் கூடாது என்றார். ஞானப்பூ அம்மா அழுதார்கள். நான் பூமாரியின் பழைய பக்கத்து வீட்டுக்காரியிடம் விலாசம் வாங்கி, சிலிண்டரை எடுத்துக்கொண்டு, டாக்ஸி பிடித்து, அவரைக் கூட்டிப் போனேன். வழியெல்லாம் சிலிண்டர் மீட்டரில் முள் இறங்குவதையே பார்த்துக்கொண்டு போனேன். வண்டி நெரிசலில் நின்றுவிட்டால்? சிலிண்டர் தீர்ந்துவிட்டால்? அவரோ வேறு ஒன்றுக்குப் பயந்தார். "அவ கதவத் தெறந்ததும் என்னப் பாத்து மூடிட்டான்னா?" என்று இரண்டு முறை கேட்டார்.

பூமாரி இருந்தது ஒரு உயரமான கட்டடத்தில், மேல் மாடியில். லிஃப்ட் ஓடவில்லை. அவரால் ஏற முடியாது. கீழே ஒரு பலகையில் உட்கார வைத்தேன். நான் மட்டும் மேலே போகக் கிளம்பியபோது அவர் என்னை நிறுத்தினார். "நான் சாகக் கெடக்கேன்னு சொல்லாத. அதுக்குப் பரிதாபப்பட்டு அவ வரக் கூடாது. மாசிலாமணி வந்திருக்கான்னு மட்டும் சொல்லு" என்றார். பாஸ்டர் என்றுகூட அவர் தன்னைச் சொல்லிக்கொள்ளவில்லை.

அவர் சொன்னபடியே மேலே போய்ச் சொன்னேன். பூமாரி கதவைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.  நான் இறங்கி வந்துவிட்டேன். வருவாளா, மாட்டாளா? எங்களுக்குத் தெரியாது. மழை தூறியது. அவரை உள்ளே நகர்த்தினேன். கிளம்பலாம் அய்யா என்று சொல்ல வாயெடுத்தபோது படியில் அவள் வந்து நின்றாள். கடைசிப் படியை விட்டுக் கீழே இறங்கவில்லை. அவருடைய மூக்குக் குழாயைப் பார்த்தாள். முகம் மாறியது, ஆனால் கிட்டே வரவில்லை.

பாஸ்டர் எழுந்து நிற்க முயன்றார், முடியவில்லை. உட்கார்ந்தபடியே கை கூப்பினார். "பூமாரி, உன் பயத்தால அம்மு சாகல. நான் சொன்னது பொய். ஆண்டவர் பேரச் சொல்லி ஒரு தாய்க்கிட்டப் பொய் சொன்னேன்."

பூமாரி சுவரில் சாய்ந்தாள்.  "நான்தான் கொன்னேன்னு இம்புட்டு வருசமும் நெனச்சிக்கிட்டு இருக்கேன் அய்யா" என்றாள்.

பிறகு அவள் சொன்னதைக் கேளுங்கள். சின்ன மகளுக்கு எப்போது காய்ச்சல் வந்தாலும் பூமாரி அந்த அறையில் இருக்க மாட்டாளாம். பிள்ளையைக் கணவரிடமோ பக்கத்து வீட்டிலோ விட்டுவிட்டு, படிக்கட்டில் போய் நின்றுகொள்வாளாம். தன்னுடைய பயம் காற்றில் கலந்து இந்தப் பிள்ளையையும் கொன்றுவிடும் என்று நம்பினாளாம். அம்மா, அம்மா என்று பிள்ளை உள்ளே கூப்பிடும். காதைப் பொத்திக்கொண்டு படிக்கட்டில் நிற்பாளாம். அந்தப் பிள்ளைக்கு இப்போது எல்லாம் புரிகிற வயது. "அம்மாவுக்கு என்னையப் பிடிக்காதுன்னு அவ நெனச்சிட்டா" என்றாள்.

மக்களே, ஒரு பிரசங்க வாக்கியம் எவ்வளவு தூரம் போகும் என்று அன்று பார்த்தேன். தாராவியில் சொன்னது மான்குர்த்தில் ஒரு குழந்தையின் காய்ச்சல் படுக்கை வரைக்கும் போயிருந்தது. நான் இன்று இந்த மைக்கைப் பிடித்திருப்பதற்கே பயப்படுகிறேன்.

பாஸ்டர் அழுதார். அழுவதற்குக்கூட அவருக்கு மூச்சு போதவில்லை. மன்னித்துவிடு என்று கேட்டார். பூமாரி உண்மையுள்ள பெண். "எனக்கு அந்த வார்த்த இப்ப வரல அய்யா" என்றாள். வர வேண்டும் என்று நான் கேட்கவில்லை என்றார் அவர். இன்னொன்று மட்டும் கேட்டார். தனக்கு மூச்சு முட்டும்போது ஜெபிக்கத் தெரியவில்லை, இத்தனை நாளும் தைரியமாக இருந்தே ஜெபித்துப் பழகிவிட்டது, பயத்தோடு எப்படி ஜெபிப்பது என்று கேட்டார்.

யார் யாரிடம் கேட்டது? இத்தனை சபைகளில் பிரசங்கித்த மாசிலாமணி, பின்சுவரில் சாய்ந்து கேட்டுக்கொண்டிருந்த பெண்ணிடம் கேட்டார். தான் காயப்படுத்தி அனுப்பிய பெண்ணிடம் கேட்டார். தாழ்மை என்று நாம் எத்தனையோ கூட்டம் பேசியிருக்கிறோம். எனக்கு இனி அந்த வார்த்தையைக் கேட்டால், மூக்குக் குழாயோடு அந்தப் பலகையில் உட்கார்ந்திருந்த அவர்தான் நினைவுக்கு வருவார்.

பூமாரி இல்லை என்று தலையாட்டினாள். "எனக்கு ஜெபமெல்லாம் வராது. படிக்கட்டுல நிக்கையில, பிள்ளய எடுத்துராதன்னு மட்டும் சொல்லிக்கிட்டு நிப்பேன். யாருகிட்டச் சொல்லுதேன்னுகூடத் தெரியாது" என்றாள். சொல்லிவிட்டு மேலே ஏறிப் போய்விட்டாள். திரும்பி வரும்போது டாக்ஸியில் பாஸ்டர், அவளுடையதுதான் ஜெபம், நான் செய்தது கட்டளை என்று சொன்னார். அதற்கு மேல் பேச மூச்சு இல்லை.

சில வாரம் கழித்து, ஒரு காலையில் பூமாரி தாராவிக்கு வந்தாள். யாரும் கூப்பிடவில்லை. பாஸ்டரின் கட்டில் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தாள். சின்ன மகளுக்குக் காய்ச்சல் வந்தது என்றாள். இந்தத் தடவை படிக்கட்டுக்குப் போகவில்லை, உள்ளேயே இருந்தேன், ஈரத்துணி போட்டேன், உதறிக்கொண்டே இருந்தேன், பிள்ளை என் மடியில்தான் தூங்கினாள், காய்ச்சல் விட்டுவிட்டது என்றாள். பாஸ்டர் அவள் தலையில் கை வைக்கவில்லை. இரண்டு கையையும் கூப்பிக்கொண்டு கேட்டார். அதற்குப் பிறகு அவள் அடிக்கடி வந்தாள். சும்மா உட்கார்ந்திருப்பாள். அவருக்கு மூச்சு முட்டும்போது நாங்கள் எல்லாம் பதறி ஓடுவோம். அவள் மட்டும் நகராமல் இருப்பாள்.

கடைசி நாளுக்கு வருகிறேன். மழை விட்டு வெயில் அடித்த பகல் அது. லைட் இருந்தது, மெஷின் ஓடியது, சிலிண்டர் நிறைய இருந்தது. எல்லாம் இருந்தும் அவருடைய நுரையீரல் காற்றை வாங்கவில்லை. ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டாம் என்று அவர் முன்பே சொல்லிவிட்டார். டாக்டர் சொல்லிக் கொடுத்தபடி தவிப்பு குறைவதற்கான மருந்தைக் கொடுத்தேன். தவிப்பு கொஞ்சம் குறைந்தது. பயம் குறையவில்லை. அவருடைய கண் அன்று போலவே அலைந்தது. ஞானப்பூ அம்மா அவர் தலையை மடியில் வைத்திருந்தார்கள். பூமாரி அவருடைய கையைப் பிடித்திருந்தாள். அவர் அவளைப் பார்த்தார்.

"பயமா இருக்கு."

நாம் யாராக இருந்தாலும் என்ன சொல்லியிருப்போம்? பயப்படாதீர்கள் அய்யா என்றுதானே? என் நாக்கு நுனிக்கு அதுதான் வந்தது. பூமாரி சொன்னாள்: "பயப்படுங்க அய்யா. நான் இங்கதான் இருக்கேன்."

அவர் கண் அவள் முகத்தில் வந்து நின்றது. உதடு அசைந்தது. நான் குனிந்து காதை வைத்தேன். "ஆண்டவரே, பயமா இருக்கு, பிடிச்சுக்கோங்க." திரும்பத் திரும்ப அதையே சொன்னார். இரண்டு சந்து தாண்டிக் கேட்ட குரல், என் காதுக்கே எட்டாத அளவுக்கு ஆனது. பிறகு உதடு மட்டும் அசைந்தது. பிறகு அதுவும் நின்றது.

அவர் முகத்தில் சமாதானம் இருந்தது என்று சொல்ல எனக்கு ஆசைதான். நீங்களும் அதைக் கேட்கத்தான் வந்திருக்கிறீர்கள். நான் நர்ஸ், பார்த்ததைத்தான் சொல்ல முடியும். அவர் முகத்தில் களைப்பு இருந்தது. பூமாரியின் கையை விடாமல் பிடித்திருந்தார். நாங்கள்தான் பிறகு விரல்களை எடுத்துவிட்டோம். அவர் யாருடைய கைக்குப் போய்ச் சேர்ந்தாரோ, அந்தக் கை அவரைப் பிடித்துக்கொண்டது என்று நான் விசுவாசிக்கிறேன். எனக்குத் தெரியும் என்று சொல்லவில்லை. விசுவாசிக்கிறேன் என்று சொல்கிறேன்.

மூப்பர்களே, சபையாரே, எனக்கும் பயமாகத்தான் இருக்கிறது. அவர் இல்லாமல் இந்தச் சபை நிற்குமா? நம் சந்தை இடிக்க வந்தால் முன்னால் போய் நிற்க யார் இருக்கிறார்கள்?  ஆனாலும் பாஸ்டர் மாசிலாமணி விட்டுப் போன வேலையை நாம் எடுக்க வேண்டும். இனி இந்தச் சபையில் பயப்படுகிறவர்களைப் பார்த்து விசுவாசமில்லாதவர் என்று யாரும் சொல்ல மாட்டோம். வார்டிலும் வராந்தாவிலும் தனியாக நிற்கிற தாயைத் தனியாக விட மாட்டோம். ஜெபிக்கத் தெரியாது என்று சொல்கிறவர்களிடமும் போய்க் கற்றுக்கொள்வோம். இதற்குச் சம்மதிக்கிறவர்கள் கை தட்ட வேண்டாம். வேலைக்கு வந்தால் போதும்.

அந்த வேலை இன்றைக்கே இருக்கிறது. நம்முடைய சகோதரர் வெங்கடேஷ் இந்தக் கூட்டத்துக்கு வரவில்லை. செம்பூரில் ஒரு ஆஸ்பத்திரியில் படுத்திருக்கிறார். நாளைக்கு அவருக்கு இதய ஆபரேஷன். காலையில் போனில் அழுதார். "அக்கா, ரொம்பப் பயமா இருக்கு, சபையில சொல்லிராதீங்க, வெக்கமா இருக்கு" என்றார். நான் பாஸ்டரின் கடைசி வார்த்தையை அவருக்குச் சொன்னேன்.  பிறகு அவரே, சரி, சபையில் சொல்லுங்கள், முடிந்தவர்களை வரச் சொல்லுங்கள் என்றார்.

நான் இந்த மேடையிலிருந்து இறங்கி நேராக அங்கேதான் போகிறேன். பார்வையாளர் நேரம் முடிவதற்குள் போய்ச் சேர வேண்டும். வருகிறவர்கள் வாருங்கள். அங்கே போய் யாரும் தைரியம் சொல்ல வேண்டாம். பக்கத்தில் உட்காருங்கள்.